கதை கிடைக்கவில்லை என்று சொல்லும் குறும்பட இயக்குநர்களுக்கு

கோலாலம்பூரில் தமிழ்க் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எங்காவது குறும்படத் திரையிடல் என்றால் பின்வரிசையில் என்னைப் பார்க்கலாம். படம் முடிந்து பேசும் நேரத்தில் "அடுத்து என்ன?" என்று யாராவது கேட்பார்கள். உங்களிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கேமரா இருக்கு, ஆள் இருக்கு, நல்ல கதைதான் கிடைக்கல." இந்தப் பதிலோடுதான் எனக்குத் தகராறு.

1950களின் தொடக்கத்தில் இங்கே வந்த தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். சிறுகதை எழுதப் பத்திரிகை வழியே பாடம் எடுத்த ஊர் இது. 1952இல் எழுத்தாளர் கு. அழகிரிசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து அதே பத்திரிகையில் ஆசிரியர் பொறுப்பேற்றார். 1957 வரை இங்கே இருந்தார். பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுபோனது. அது வளர்த்துவிட்டவர்களின் கதைகள் தொகுப்புகளாக இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் கொண்டுவந்த 'பேரவைக் கதைகள்' வேறு இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போனவர்கள், லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளை விட்டுப் பட்டணத்து ஃபிளாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவற்றில் இருக்கிறார்கள். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜெகாட்' தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் கதையைச் சொல்லி 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமானது. ஆக, இந்த வாழ்க்கையைப் பார்க்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது.

உங்களுடைய இரண்டாவது பதிலும் எனக்குத் தெரியும். "சிறுகதையைத் தொட்டால் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள்." உண்மைதான். கதையில் இப்படி இல்லையே என்று எழுந்து நிற்கும் ஒருவர் எல்லா அரங்கிலும் இருக்கிறார். அவருக்குப் பயப்படாதீர்கள். நாவலைப் படமாக்குகிறவர் வெட்ட வேண்டும். சிறுகதையைப் படமாக்குகிறவர் சேர்த்தே ஆக வேண்டும். மூலத்தில் உள்ளபடியே எடுத்தாரா என்று பார்ப்பதைவிட, எதைச் சேர்த்தார், முடிவை என்ன செய்தார் என்று பார்ப்பதே எனக்குப் பிடித்த வேலை.

தாகூரின் 'போஸ்ட்மாஸ்டர்' 1891இல் எழுதப்பட்ட கதை. கல்கத்தாக்காரன் ஒருவன் குக்கிராமத்துத் தபால் நிலையத்துக்கு வருகிறான். வீட்டு வேலை செய்யும் அனாதைச் சிறுமி ரத்தனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறான். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பிறகு அவன் வேலையை விட்டுக் கிளம்புகிறான். கிளம்பும்போது பணம் கொடுக்கப் போக, அவள் காலில் விழுந்து அழுது, வேண்டாம் என்று ஓடிவிடுகிறாள். படகு நகர்ந்த பிறகு திரும்பிப் போய் அழைத்து வரலாமா என்று அவன் மனம் கொஞ்சம் ஆடுகிறது. பிறகு, வாழ்க்கையில் எத்தனையோ பிரிவுகள் என்று தனக்குத்தானே தத்துவம் சொல்லிக்கொள்கிறான். 1961இல் சத்யஜித் ராய் 'தீன் கன்யா'வில் இதை எடுத்தபோது படகும் இல்லை, தத்துவமும் இல்லை, காலில் விழுவதும் இல்லை. ரத்தன் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து போகிறாள். கொடுக்க எடுத்த காசு அவன் கையிலேயே நிற்கிறது. புதிய போஸ்ட்மாஸ்டரிடம் தண்ணீர் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லும் அவள் குரல் மட்டும் கேட்கிறது.

தாகூர் அவன் மனதுக்குள் போய் அவனைக் காட்டிக்கொடுக்கிறார். ராய்க்கு அந்த வசதி கிடையாது, அதனால் ஒரு வாளியையும் ஒரு காசையும் வைத்து அதைச் செய்கிறார். கதையில் ரத்தன் அழுகிறாள். படத்தில் அவளுக்கு ரோஷம் வருகிறது. இது தாகூருக்குச் செய்த துரோகமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. படத்தின் ரத்தனைத்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். கிராமத்துப் பைத்தியக்காரன் ஒருவனையும் ராய் புதிதாகச் சேர்த்திருக்கிறார். போஸ்ட்மாஸ்டரின் பயத்தைச் சொல்ல அவருக்கு அவன் தேவைப்பட்டான்.

தமிழில் பார்ப்போம். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சில பக்கங்களில் முடிந்துவிடும் கதை. சசி அதை 2008இல் 'பூ' என்று முழுநீளப் படமாக்கினார். ஆசைப்பட்ட மச்சானை மணக்க முடியாமல் வேறு ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட மாரி என்ற பெண், அவன் நன்றாக இருக்கிறானா என்று பார்க்கப் போய், இல்லை என்று தெரிந்து உடைந்துபோகிறாள். கதை, படம் இரண்டும் நிற்பது அந்த ஒரு நாளில்தான். படத்தில் சேர்ந்த சிறுவயதுப் பகுதிகள் இனிமைதான், கொஞ்சம் நீளம். ஆனாலும் கடைசியில் மாரி அழும்போது அந்த அழுகைக்கு ஒரு கனம் வருகிறதே, அது அந்த நீளத்தால் வந்தது. ஜெயமோகனின் சிறுகதை 'துணைவன்' 2023லும் 2024லும் 'விடுதலை'யின் இரண்டு பாகங்களானது. அதில் சேர்த்தது அளவு மீறிவிட்டது என்பேன். இரண்டாம் பாகத்தில் பேச்சு படத்தையே மூடிவிட்டது.

முடிவை மாற்றுவது பாவம் என்பவர்களுக்கு ஜெயகாந்தனை நினைவூட்டுங்கள். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேச'த்தில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? தன் கதையைத் தானே திருப்பிப் போட்டு அவர் எழுதிய நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. பீம்சிங் இயக்கத்தில் அது படமும் ஆனது. அந்த மகள் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில எழுத்தாளர் ஃபாக்னர் 1939இல் எழுதிய கதை ஒன்று. பண்ணை பண்ணையாகக் குடிபெயரும் ஏழைக் குத்தகைக்காரன், மனம் புண்பட்டால் முதலாளியின் தானியக் கொட்டகைக்குத் தீ வைத்துவிடுவான். அப்பனா நியாயமா என்று மகன் தவிப்பான். மலேசிய இயக்குநர் ஊ-வெய் ஹாஜி சாஆரி இதை அப்படியே தூக்கி, ஜாவாவிலிருந்து இங்கே குடியேறிய ஒரு குடும்பத்துக்குள் வைத்தார். 'காக்கி பாக்கார்' என்ற அந்தப் படம் 1995இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. மிசிசிப்பிக் கோபம் இந்த மண்ணில் பொருந்துகிறது. தோட்டத்து மனிதர்களைப் பற்றி இங்கேயே எழுதிய கதை பொருந்தாமல் போய்விடுமா?

கதையை எடுக்கும்போது உங்களிடம் நான் பார்க்கும் சில பழக்கங்களை விட்டுவிடுங்கள். பாத்திரத்தின் எண்ணத்தைப் பின்னணிக் குரலில் படித்துக் காட்டாதீர்கள். அதற்குப் புத்தகமே போதும். தோட்டம் என்றவுடன் ட்ரோன், வயலின், அழுகை. லயத்தில் சண்டையும் இருந்தது, பந்து விளையாட்டும் இருந்தது, திருவிழாவில் திரை கட்டிப் படமும் ஓடியது. அப்புறம், கறுப்புத் திரையில் கடைசியாக வருமே ஒரு அறிவுரை, அது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் கதையை ஒரு குறும்படத்தில் பார்த்தேன். பெயர்களும் சம்பவங்களும் அப்படியே இருந்தன, அவர் பெயர் மட்டும் டைட்டிலில் இல்லை. மகேந்திரன் 'உதிரிப்பூக்க'ளுக்காகப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான்; ஆனாலும் பெயரைப் போட்டார். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளரின் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்து 50 ஆண்டு வரையும் பதிப்புரிமை உண்டு. இங்குள்ள பெரும்பாலான கதைகளுக்கு நீங்கள் அனுமதி வாங்கியே ஆகவேண்டும். ஒரு போன் பண்ணினால் கேட்டுவிடலாம். சம்மதித்தால் எழுத்தில் வாங்கி, ஏதாவது ஒரு தொகையும் கொடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், என் விருப்பம் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. அவர் 1970இல் இறந்தார், 50 ஆண்டு கடந்துவிட்டது. தீபாவளிக்கு முதல்நாள் ஏழைக் குடும்பம் ஒன்றின் வாசலுக்கு ராஜா என்ற அனாதைச் சிறுவன் வருகிறான். அந்த வீட்டுத் தாய் அவனைச் சேர்த்துக்கொள்கிறாள். பணக்கார வீட்டுப் பையன், தன் வீட்டுக்கு நிஜ ராஜா ஒருவர் வந்திருப்பதாகப் பீற்றிக்கொள்ள, எங்கள் வீட்டுக்கும்தான் வந்திருக்கிறார் என்கிறாள் இந்த வீட்டுச் சிறுமி. இதைச் செந்தூல் ஃபிளாட் ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். வரும் பையன் பிறப்புப் பத்திரம் இல்லாத, அதனால் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளையாக இருக்கட்டும். இங்கே அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பணக்கார வீட்டு ராஜாவை மட்டும் தயவுசெய்து காட்டாதீர்கள். காட்டினால் சிறுமி சொல்வது வெறும் பதிலடியாகிவிடும்.

இதை எடுத்தாலும் சரி, வேறு கதையை எடுத்தாலும் சரி, அடுத்த திரையிடலுக்கு எந்தக் கதை என்று அறிவிப்பிலேயே போடுங்கள். படித்துவிட்டு வருகிறோம்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு வாசகன்