அந்த 150 வெள்ளி எதற்கென்றால்

பட்டர்வொர்த், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

என் கார் இன்சூரன்சுக்காகப் போன வாரம் போனில் நீங்கள் கோபப்பட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சட்டத்துக்கு என்ன வேணுமோ அதக் கட்டுடா, கம்பெனிக்காரனுக்கு எதுக்கு அள்ளிக் குடுக்கிற?" என்றீர்கள். உங்களை எதிர்த்துப் போனில் பேச வராது எனக்கு. அதனால் எழுதுகிறேன்.

இங்கே இன்சூரன்சுக்குக் காப்புறுதி என்று பெயர். பைக்கை மோட்டார் என்பார்கள், ரிங்கிட்டை நம் ஆட்கள் இன்னும் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். முதல் வருடம் நானும் உங்கள் பிள்ளையாகத்தான் இருந்தேன். பழைய மோட்டாருக்குத் தேர்ட் பார்ட்டி, அதாவது நம்மால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு உள்ளது, மட்டும் போட்டு, காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் வேலை, அதனால் தினமும் கடல் பாலம் தாண்ட வேண்டும், 13.5 கிலோமீட்டர். (மோட்டாருக்கு 2019 முதல் டோல் இல்லை, அது ஒரு நிம்மதி.) ஒரு மழை நாளில் பாலத்தை விட்டு இறங்கி, ஓரமாக நின்றிருந்த காரில் போய்ச் சறுக்கி விழுந்தேன். அந்த வருடம் சுளுக்கு என்று உங்களிடம் சொன்னேனே, அது சுளுக்கு இல்லை. கணுக்கால் எலும்பில் விரிசல்.

24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தேன். கார்க்காரருக்குக் கதவு மாற்றக் காப்புறுதிப் பணம் போனது. என் காலுக்கும் என் மோட்டாருக்கும் ஒரு காசு வரவில்லை. சட்டம் பார்ப்பது நம்மால் அடிபடுகிறவனைத்தான் அப்பா, நம்மை இல்லை. சொல்லப்போனால் இங்கே சட்டம் கட்டாயமாகக் கேட்பது அவன் உயிருக்கும் உடம்புக்கும் மட்டும்தான். கதவுக்குப் பணம் வந்ததே பாலிசியில் அதுவும் சேர்ந்திருந்ததால்.

இப்போது பழைய மைவி கார் வாங்கியிருக்கிறேன், முழுக் காப்புறுதி. ஆனால் முழு என்பது பேரில்தான். வெள்ளம் அதில் சேராது! 2017 நவம்பரில் பினாங்கு முங்கியபோது கீழ்வீட்டுப் பெரியவரின் கார் ஸ்டியரிங் வரை தண்ணீரில் நின்றதாம். முழுசாகத்தானே போட்டேன் என்று போய்க் கேட்டவரைக் கையை விரித்து அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் 30,000 வெள்ளிக் காருக்கு அரை சதவிகிதம், 150 வெள்ளி, தனியாகக் கட்டினேன். நீங்கள் திட்டியதும் அந்த 150-க்குத்தான்.

ஏஜெண்ட் ஒருவர் "தொகையைக் குறைத்துப் போடுங்க, பிரீமியம் குறையும்" என்றார். மாட்டேன் என்றேன். 40,000 பெறும் காரை 30,000 என்று போட்டால், 8,000 செலவுக்கு 6,000தான் கொடுப்பார்கள். முக்கால் மதிப்புக்குக் கட்டினால் முக்கால் பங்குதான் வரும். இப்படி யோசனை சொல்கிறவர்கள் பின்னால் போன் எடுப்பதில்லை.

காலையில் என்னோடு காரில் மூன்று பையன்கள் வருகிறார்கள். என் தப்பால் அவர்களுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பொறுப்பும் பாலிசியில் தானாக வராது, கேட்டுச் சேர்த்தேன். கண்ணாடிக்கும் தனி, அதன் விலையில் 15 சதவிகிதம். அதற்குப் பணம் கேட்டால், கிளெய்ம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி போகாது. மற்ற கிளெய்முக்குப் போய்விடும். ஒரு வருடம் கேட்காமல் இருந்தால் 25, ஐந்து வருடத்தில் 55 சதவிகிதம் வரை குறைக்கிறார்கள். அதனால் சின்னக் கீறலை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், தம்பி பைக். அவனுக்கும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். நம் ஊரில் ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு கட்டாயம், அது இருக்கிறதா என்று பேப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், பணம் நான் அனுப்புகிறேன். பேப்பரை போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பட்டும்.

கால் விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்