வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சிகளை வரவழைப்பது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. என்னென்ன பூச்செடி வைக்கலாம் என்று விரிவாகச் சொல்லியிருந்தார்கள், நல்லதுதான். ஆனால் அதே பக்கத்தில் கீழே, கறிவேப்பிலையைத் தின்னும் புழுவை ஒழிக்க என்ன தெளிக்கலாம் என்று ஒரு பெட்டிச் செய்தி! அந்தப் புழுதான் ஐயா, மேலே படத்தில் இருக்கிற வண்ணத்துப்பூச்சி. கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும் கறிவேப்பிலை அழகியை அவ்வளவு பெரிதாகப் போட்டுவிட்டு, அதன் பிள்ளையைக் கொல்ல வழியும் சொல்லியிருப்பதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பூ மட்டும் இருந்தால் வண்ணத்துப்பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். நம் தோட்டத்திலேயே அது பிறந்து பறக்க வேண்டும் என்றால் முட்டையிட இடம் வேண்டும். தேன் விஷயத்தில் அதற்குப் பெரிய பிடிவாதம் கிடையாது, உறிஞ்சுகுழல் எட்டுகிற பூ எதுவானாலும் சரி. புழுவோ பட்டினி கிடந்து சாகுமே தவிர தனக்குரிய செடியை விட்டு வேறு இலையைத் தொடாது. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ள இலைகளில் ஏதாவது ஒரு நஞ்சையோ கசப்பையோ வைத்திருக்கின்றன, பெரும்பாலும் ஒவ்வொரு வகை வண்ணத்துப்பூச்சியும் ஏதோ ஒரு குடும்பத்துச் செடிகளின் நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டு அதையே பற்றிக்கொண்டிருக்கிறது. பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1964-இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பம், அதனால்தான் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் இவற்றைத் தேடியே வருகின்றன.

முட்டையிட வரும் தாயை ஒருமுறை நின்று பாருங்கள். பூவுக்கு வருவதுபோல் நிதானமாக உட்காராது. படபடவென்று அடித்துக்கொண்டே ஒவ்வோர் இலையாகத் தொட்டுத் தொட்டுப் போகும். முன்னங்காலால் இலையைத் தட்டி ருசி பார்க்கிறது, அதன் நாக்கு காலில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். சரியான செடி என்று தெரிந்ததும் வயிற்றை வளைத்துக் கொழுந்தில் ஒரு முட்டை, அப்புறம் வேறு கொழுந்தில் இன்னொன்று. வெளிர் மஞ்சளில், குண்டூசித் தலை அளவுக்கு இருக்கும்.

மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்கிறது. பிறகு பல நாட்களுக்கு அது அசல் பறவை எச்சம் மாதிரியே இலைமேல் கிடக்கும், பழுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு. நானே பலமுறை எச்சம் என்று நினைத்துத் தட்டிவிடப் போயிருக்கிறேன். கடைசித் தோலை உரித்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடுகிறது. விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், எறும்பு பக்கத்தில் வராது. நம் கையை அது ஒன்றும் செய்யாது.

போன தடவை எங்கள் செடியில் 7 முட்டை எண்ணினேன். கூட்டுப்புழு ஆனது 2 தான். மீதியைக் குருவியும் குளவியும் கொண்டுபோயிருக்கும், அவையும் பிள்ளைகளை வளர்க்க வேண்டுமே. செடி பாதி மொட்டையாகிவிட்டது, உண்மைதான், ஆனால் சில வாரங்களில் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது. கூட்டுக்குள் இறக்கையின் கறுப்பு தெரிய ஆரம்பித்தபின் ஒரு காலையில் வீட்டில் எல்லோரும் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டோம். கசங்கிய காகிதம் மாதிரி இறக்கையோடு வெளியே வந்து தொங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக அது நீர் ஏறி விரிந்து, காய்ந்து, பறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

எருக்கையும் சொல்லியாக வேண்டும். முளைத்ததும் பிடுங்கி எறிகிறோம். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு அதுதான் தாய்வீடு. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு, உடம்பில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள். அது இலையின் நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டு, பால் வற்றிய பகுதியைத் தின்னும். அப்படியும் கொஞ்சம் நஞ்சு உடம்பில் சேர்கிறது, அதுவே அதற்குக் காவல், ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை மறுபடி அந்த நிறத்தின் பக்கம் போகாது. இந்த பயத்தை நம்பியே வேறு ஒரு வண்ணத்துப்பூச்சியின் பெண், வெந்தய வரியனைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு திரிகிறது. அதன் புழு தின்பது எது தெரியுமா? தரையில் படரும் பருப்புக்கீரை. களை என்று அதையும் கொத்திவிடுகிறோம்!

பூச்செடிப் பட்டியலில் உண்ணிச்செடியை முதலில் வைத்திருந்தார்கள். அதில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து காடுகளையே மூடிக்கொண்டிருக்கிற செடி, தேன் குடிக்க அதில் மொய்க்கிற வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட அதை நாடுவதில்லை. அந்த இடத்தில் ஆவாரையோ கொன்றையோ இருந்தால் பூவும் கிடைக்கும், மஞ்சளும் வெண்மையுமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்குத் தீனியும் கிடைக்கும். கிலுகிலுப்பையை வாடிக் காய்ந்தபின்னும் விட்டுவையுங்கள். அந்தக் காய்ந்த செடியைச் சுரண்டி ஒரு சத்தை எடுக்க ஆண் வரியன்கள் வரும், பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்துதான் தயாரித்துக்கொள்கின்றன. இடமில்லை என்பவர்களுக்கு வெயில் படுகிற மாடத்தில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலை போதும்.

மருந்து விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நான் ரசாயனம் அடிப்பதில்லை, இயற்கை மருந்துதான் என்பார்கள். வேப்பெண்ணெய் புழுவைத் தோலுரிக்கவிடாமல் செய்துவிடும். பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இயற்கையானதுதான், ஆனால் புழுவின் குடலைக் கெடுத்துக் கொல்வதற்கென்றே விற்கப்படுவது. அது கெட்ட புழு, நல்ல புழு என்று பார்க்காது. செடி வாங்கும்போதும் கேட்டு வாங்குங்கள், வேர் வழியாக உள்ளே போகிற பூச்சிக்கொல்லி கொடுத்து வளர்த்த நாற்றில் அந்த நஞ்சு இலையிலும் தேனிலும் நெடுநாள் இருக்கும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பாலும் விழுந்துவிடும்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் 1699-இல், தன் 52-வது வயதில், மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி தென் அமெரிக்காவிலுள்ள சுரிநாம் போனார். அங்கே பார்த்த வண்ணத்துப்பூச்சிகளைத் தனியாக வரையவில்லை. செடி, அதில் புழு, கூட்டுப்புழு, பிறகு பறக்கிற பூச்சி எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்து வரைந்தார். இனி வண்ணத்துப்பூச்சிப் படம் போடும்போதெல்லாம் நீங்களும் அதன் புழுவையும் அது தின்னும் செடியையும் பக்கத்திலேயே போடுங்கள். பெட்டிச் செய்தி பற்றி ஒரு திருத்தமும் வெளியிடுங்கள், அதைப் படித்துவிட்டு இந்நேரம் எத்தனை பேர் தெளிப்பானைக் கையில் எடுத்திருப்பார்களோ என்று கவலையாக இருக்கிறது.

எங்கள் கறிவேப்பிலையில் இப்போது மறுபடி இரண்டு முட்டை இருக்கிறது. படம் வேண்டுமென்றால் எழுதுங்கள், முட்டையிலிருந்து பறக்கும்வரை தினமும் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்