எஸ்பிளனேடு நமக்கும் உரிய இடம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாத இதழில் சிங்கப்பூரின் மரினா பே பற்றிய கட்டுரையில், அங்குள்ள எஸ்பிளனேடு கலை அரங்கம் கோட்டு சூட்டு போட்டவர்கள் போகிற இடம், நம்மவர்களுக்கு வெளியே நின்று படம் எடுப்பதோடு சரி என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக உங்கள் சந்தாதாரர் நான். உங்கள் பக்கங்களில் இப்படிப் படிக்க வேண்டியிருந்ததே என்று வருத்தமாகிவிட்டது.

2002 அக்டோபரில் திறந்த காலந்தொட்டே கலா உற்சவம் என்ற இந்தியக் கலைவிழா அங்கே நடக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சக்கர நாற்காலியில்தான் வருவார். அந்தக் கரையில் சாத்தே கிளப் என்ற திறந்தவெளிச் சாப்பாட்டுக் கடைகள் இருந்த நாளில், சம்பளம் வந்ததும் அப்பா எங்களை அங்கேதான் கூட்டிப்போவார். அம்மாவுக்கு அது இன்றைக்கும் அப்பாவோடு நடந்த கரை. மேலே டுரியான் முள் மாதிரிக் கூரை வந்ததால் அந்நியமாகிவிடவில்லை.

டிக்கெட் விலை எங்களுக்கும் கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் இருக்கும் கன்கோர்ஸ் கூடத்திலும் கடலோரத் திறந்தவெளி அரங்கிலும் எத்தனையோ நிகழ்ச்சிகள் இலவசம். என் பேத்தி மிருதங்கத்தை முதன்முதலில் அருகில் பார்த்தது கன்கோர்ஸ் தரையில் உட்கார்ந்துதான். ஒரே ஒருமுறை காசு சேர்த்து, சுமார் 1,600 பேர் அமரும் அந்த இசைக்கூடத்தில் வீணைக் கச்சேரி கேட்டோம். மேடைக்கு மேல் தொங்கும் விதானத்தை ஏற்றி இறக்கி, சுற்றியுள்ள எதிரொலி அறைகளின் கதவுகளைத் திறந்து மூடி, இசைக்கு ஏற்றபடி ஒலியை மாற்றலாமாம். ரசல் ஜான்சன் என்ற ஒலியியல் நிபுணரின் வேலை. மாடியில் கடைசி வரிசையில் இருந்தோம். கமகம் ஒன்றுகூடத் தேயவில்லை. அம்மா அன்று வீடு வரும்வரை பேசவே இல்லை.

நம் சங்க விழாக்களிலோ ஸ்பீக்கர் இரைச்சலில் காது அடைத்துவிடுகிறது. ஆலாபனை நடுவே பொன்னாடை போர்த்துகிறார்கள். அந்தப் பொன்னாடைப் படத்தை நீங்களும் பெரிதாகப் போடுகிறீர்கள், மிருதங்கம் வாசித்தவர் பெயர் வருவதில்லை. இதைப் பற்றி முன்பும் இரண்டு கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. போன ஆண்டு நாங்கள் ஆவலோடு காத்திருந்த இலவச நாகஸ்வர நிகழ்ச்சியின் செய்தி, நிகழ்ச்சி முடிந்த மறுமாத இதழில் வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு இதழை மடித்து வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்மவர்கள் அங்கே போவதில்லை என்று எழுதும்முன், போவதற்கு வழி சொன்னோமா என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போதும். அடுத்த மாதம் அங்கே நடக்கும் இலவசத் தமிழ், இந்திய நிகழ்ச்சிகளின் நாள், நேரம், எந்த அரங்கு என்று முன்கூட்டியே போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அம்மா தானே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகர்