திருநாளில் ஆட வராத வீரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நமது கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளி அணிகளுக்கும் ஊர் அணிகளுக்கும் நடைபெறும் கால்பந்து, வாலிபால், கபடிப் போட்டிகள் பெரும்பாலும் விடுமுறை நாள்களில்தான் வைக்கப்படுகின்றன. அந்த விடுமுறை ஏதேனும் ஒரு சமயத்தாரின் திருநாளுக்காக விடப்பட்டது என்பதைப் போட்டி நடத்துவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு பெரிய வெள்ளியன்று ஆலயத்துக்குச் சென்றதால் ஆட வராத ஒரு மாணவன், அடுத்த இரண்டு போட்டிகளிலும் வெளியே உட்கார வைக்கப்பட்டான். அணியைவிடக் கோயில் பெரிதா என்று அவனிடம் கேட்கப்பட்டதாக அறிந்தபோது, 1965-ஆம் ஆண்டின் அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரே எனக்கு நினைவுக்கு வந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியும் மினசோட்டா ட்வின்ஸ் அணியும் மோதிய அந்தத் தொடரின் முதல் ஆட்டம் அக்டோபர் 6 அன்று நடந்தது. யூதர்கள் உண்ணா நோன்பிருந்து பாவமன்னிப்பு வேண்டும் யோம் கிப்பூர் நாளும் அதுவே. டாட்ஜர்ஸின் தலைசிறந்த பந்தெறிவாளரான சாண்டி கூஃபாக்ஸ், அந்த ஆண்டு மட்டும் 382 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்வது) செய்து சாதனை படைத்திருந்தவர், யூதர் என்பதால் அன்று ஆட மறுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக எறிந்த டான் டிரைஸ்டேல் ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸிலேயே மாற்றப்பட, அணி 8-2 என்று தோற்றது. மறுநாள் கூஃபாக்ஸே எறிந்தும் 5-1 என்று தோல்விதான் கிடைத்தது. நம் ஊர்ப் பயிற்சியாளர் சிலர் அங்கே இருந்திருந்தால், அத்துடன் அவரை ஒதுக்கிவைத்திருப்பார்கள் என்றே அஞ்சுகிறேன்.

ஆனால் மேலாளர் வால்ட்டர் ஆல்ஸ்டன் அவரை ஒதுக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் 7-0 என்று கூஃபாக்ஸ் வென்று தந்தார். தொடர் 3-3 என்று சமனாகி, அக்டோபர் 14 அன்று ஏழாவது ஆட்டம் வந்தபோது, கூடுதல் ஓய்வு பெற்றிருந்த டிரைஸ்டேல் தயாராக இருந்தும், இரண்டே நாள் ஓய்வெடுத்திருந்த கூஃபாக்ஸிடமே ஆல்ஸ்டன் பந்தைக் கொடுத்தார். முழங்கையில் மூட்டுவாத வலியோடு ஆடிவந்த அவருக்கு அன்று வளைபந்து கைகொடுக்கவில்லை. வேகப்பந்தை மட்டுமே நம்பி ஒன்பது இன்னிங்ஸையும் எறிந்து முடித்தார். எதிரணியினர் அடிக்க முடிந்தது மூன்றே ஹிட்டுகள் (பந்தை அடித்துத் தளத்தை எட்டும் அடிகள்). பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து 2-0 என்று அவர் கோப்பையை வென்று தந்ததும், தொடரின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றதும், மினசோட்டா ரசிகர்கள் நிறைந்திருந்த மைதானத்தில்தான்.

உடற்கல்வி ஆசிரியராக இருந்த நானும், மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்ட ஒரு மாணவனை ஒருமுறை அணியிலிருந்து நீக்கியவன். நல்ல தடுப்பாட்டக்காரனான அவன் பிறகு பந்தைத் தொடவே இல்லை. அந்த வருத்தம் இன்றும் என்னிடம் உள்ளது.

கோட்டாறு சவேரியார் திருவிழா, அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காட்டுக் கொடை ஆகியவற்றுக்கெல்லாம் உள்ளூர் விடுமுறை விடும் மாவட்டம் இது. தக்கலை பீர் முகமது அப்பா ஆண்டு விழாவும் இங்கே எல்லோரும் அறிந்ததே. எனவே போட்டி அட்டவணை தயாரிப்போர் இந்த நாள்களை முதலிலேயே விலக்கிவைக்க வேண்டும். ஞாயிறு காலை ஆலய வழிபாட்டு நேரத்தையும் தவிர்த்து, பிற்பகலில் ஆட்டங்களைத் தொடங்கலாம். அவ்வாறு மாற்ற இயலாத நிலை ஏற்பட்டால், அன்று வராத வீரரை அடுத்த ஆட்டத்தில் தண்டிக்காமல் சேர்த்துக்கொள்ளும்படி போட்டி விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.