கன்னிமாராவில் ஒரு லாட்ஜ்காரன்

வேலூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அஸ்லம்,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காக்காரன் போட்ட வரியால் ஷூ ஆர்டர் எல்லாம் இழுபறியில் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே என் லாட்ஜும் அந்த லட்சணத்தில்தான் ஓடுகிறது. 2024இல் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்த பிறகு விசா கெடுபிடி வந்ததா, பங்களாதேஷ் நோயாளிகள் வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. போதாததற்கு சிஎம்சி ஆஸ்பத்திரி சில துறைகளை ராணிப்பேட்டை வளாகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. காந்தி ரோட்டில் வங்காள எழுத்துப் பலகைகள் அப்படியே தொங்குகின்றன, படிக்கத்தான் ஆள் குறைவு. முன்பெல்லாம் ராத்திரி உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர் தங்கினால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கிற சி ஃபார்ம் போட்டு முடிக்கவே நேரம் போதாது. இப்போது அந்த வேலையை டீ குடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

சரி, அழுதது போதும். உனக்கு ஒரு சிரிப்பான விஷயம். நான் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்கினேன்.

எனக்கு அறுபது முடிகிறது அல்லவா? திருக்கடையூர் போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று மகள் ஆரம்பித்தாள். இருக்கிற மாலையே போதும், புது மாலை எல்லாம் வேண்டாம் என்று உன் தங்கச்சி கறாராகச் சொல்லிவிட்டாள். அந்தப் பணத்தில் மகள் சென்னைக் கன்னிமாராவில் ரூம் போட்டுவிட்டாள். வாடகை எவ்வளவு என்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. பில்லில் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று இருந்தது. அதனால் 7,500 ரூபாய்க்கு மேல் என்ற வரைக்கும் கண்டுபிடித்துவிட்டேன். நம்ம அறைகளுக்கு 2022 ஜூலை வரை வரியே கிடையாது, 1,000 ரூபாய்க்குள் வாடகை என்றால் விலக்கு இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள் என்று அன்று உன்னிடம் புலம்பியது ஞாபகம் இருக்கிறதா?

காட்பாடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோ பிடித்தோம். மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சரை ஒட்டித் திரும்பினால் பின்னி ரோடு. அங்கேதான் இருக்கிறது. ஆட்டோவில் போய் இறங்க உன் தங்கச்சிக்குக் கூச்சம். வாசல்காரர் காரில் வந்தவர்களுக்கு வைத்த அதே வணக்கத்தை எங்களுக்கும் வைத்தார்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், உனக்குப் பழசு என்றால் பிடிக்கும். அந்த இடத்தில் 1854இலேயே இம்பீரியல் என்ற பெயரில் ஹோட்டல் நடந்திருக்கிறது. அப்புறம் ஆல்பனி. 1890இல் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரை வைத்தார்கள். எழும்பூர் நூலகத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதே துரைதான். பிறகு ஸ்பென்சர் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போய், 1930களில் இப்போது பார்க்கிற வெள்ளை முகப்பு வந்தது. ஆர்ட் டெகோ என்கிறார்களே, அந்தப் பாணி. பழைய வெள்ளைக்காரக் கட்டடங்கள் மாதிரி தூணும் கோபுரமுமாக மிரட்டாது. வளைந்த மூலைகள், படுக்கை வசமாக ஓடும் நீளக் கோடுகள், அவ்வளவுதான். பாரி முனையில் டேர் ஹவுஸைப் பார்த்திருப்பாய், அதுவும் ஏறக்குறைய அந்தக் காலத்து ரகம். 1980களில் தாஜ் குழுமம் எடுத்து நடத்த ஆரம்பித்தது. நடுவில் பழுது பார்க்க மூடிவிட்டு 2018இல் மறுபடியும் திறந்தார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது முன்பக்கம் இல்லை, பின்பக்கம். நீச்சல் குளத்தைச் சுற்றி உள்ள பகுதியை 1970களில் ஜெஃப்ரி பாவா என்ற இலங்கைக்காரர் வடிவமைத்தார். முதலில் வக்கீலாக இருந்தவர். அது பிடிக்காமல் கட்டடக்கலை படித்து, 38 வயதில்தான் தேர்ச்சி பெற்றார். இலங்கை நாடாளுமன்றமும் தம்புள்ளைப் பக்கம் காட்டுக்குள் மறைந்திருக்கும் கந்தளம ஹோட்டலும் அவர் கட்டியவை. நம் பக்கம் மதுரை கிளப்பும் அவர் வேலைதான். அவர் கட்டியதில் எது உள்ளே, எது வெளியே என்று சட்டென்று பிரிக்க முடியாது. அறைக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒரு தாழ்வாரமோ, பால்கனியோ, மரமோ நிற்கும். வெயில் நேராக உள்ளே வராது, இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்து, சூடு தணிந்துதான் வரும்.

வேலூர்க்காரனுக்கு இது புரியாதா? அக்னி நட்சத்திரத்தில் என் லாட்ஜ் மாடியில் மேற்குப் பக்க அறைகளைப் போய்ப் பார். அப்பா காலத்தில் அந்தப் பக்கம் அகலமான தாழ்வாரம் இருந்தது. ஒரு கட்டத்தில் அதை மூடி அறையாக்கினோம். அப்படித்தான் தெருவில் எல்லாரும் மூடினார்கள். நாலு அறை கூடக் கிடைத்தது. அந்த நாலுக்கும் பின்னால் உள்ள நாலுக்கும் சேர்த்து ராப்பகலாக ஏசி ஓடுகிறது. குளத்தைப் பார்த்த பால்கனியில் உட்கார்ந்து இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். "இங்கே வந்தும் மின்சார பில்லா?" என்று உன் தங்கச்சி கேட்டாள்.

நானும் இதே தொழில்தான் என்று வரவேற்பில் சொல்லிவிட்டேன். எத்தனை அறை என்று கேட்டார் அந்தப் பையன், மரியாதையாகத்தான். நான் சிஎம்சி பக்கத்தில் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. அவருடைய அம்மாவை அங்கே வைத்துப் பார்த்தார்களாம். அதன் பிறகு நான் கேட்டதை எல்லாம் காட்டினார். காலியாக இருந்த சில அறைகளையும் பார்த்தேன். பழைய பகுதி அறைகளில் கூரை நல்ல உயரம். பேச்சு மேலே போய்த் தணிந்து இறங்குகிறது, எதிரொலி இல்லை. அறைக்குள் எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டில் பக்கத்து சுவிட்ச்தான். ஒரே தட்டில் மொத்த விளக்கும் அணைந்துவிடும், ராத்திரி கால் இடறாத அளவுக்குத் தரையோரம் மட்டும் மங்கலான வெளிச்சம். ஆபரேஷன் முடிந்து வந்த ஆளுக்கு இதைவிட உதவியான சாமான் உண்டா? நம்ம ஊரில் படுத்த பிறகு எழுந்து போய்க் கதவோரத்தில்தான் விளக்கை அணைக்க வேண்டும்.

பாத்ரூம் சுவர் சுவராகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வேறொரு புதுப் பெரிய ஹோட்டலில் தங்கினோம், பேர் வேண்டாம். படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் முழுக் கண்ணாடி. திரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் உன் தங்கச்சி என்னை வராண்டாவுக்கு அனுப்பிவிட்டாள். அந்த யோசனை யாருக்கு உதித்ததோ, அவர் நிச்சயம் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர் இல்லை.

அப்புறம் விரிப்புக் கணக்கு. இதை நீ வியாபாரி என்பதால் எழுதுகிறேன். பெரிய ஹோட்டல்களில் ஒரு கட்டிலுக்குக் குறைந்தது மூன்று நாலு செட் விரிப்பு வைத்திருப்பார்கள். ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். துவைத்து வந்த துணியை உடனே விரிக்காமல் ஒரு நாளாவது மடித்து வைத்தால் நூல் சீக்கிரம் நைந்துபோகாது என்பது அவர்கள் அனுபவம். நாம் இரண்டே செட்டை மாற்றி மாற்றி அடிக்கிறோம், அதுவும் சலவைக்காரர் ஒரு நாள் வரவில்லை என்றால் தீர்ந்தது. பிறகு, துடைக்கிற துணிக்கு நிறம். கழிப்பறைக்கு ஒரு நிறம், வாஷ்பேசினுக்கு வேறு, மேசைக்கு வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் குழம்ப முடியாது. இதற்கு எவ்வளவு செலவாகும் சொல்? நாலு நிறத் துணிதானே! ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக லாங் பஜாரில் வாங்கிவிட்டேன்.

வேலை செய்கிறவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவர்களுக்கென்று தனி லிஃப்ட், தனி வழி. வெளியே போய்த் திரும்பினால் அறை சுத்தமாக இருக்கும், யார் செய்தார்கள் என்று தெரியாது. என் லாட்ஜில் ரூம் பாய்க்கு எந்த அறையில் யாருக்கு என்ன நோய், எந்த நாளில் ரிப்போர்ட் வரும் என்பது வரை தெரியும். அது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. அசாமிலிருந்து வந்த ஒரு அம்மா போன மாதம் கிளம்பும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், நீ காத்திருப்பாய். ராத்திரி ரெயின்ட்ரீ என்ற அவர்கள் உணவகத்தில். செட்டிநாட்டுச் சமையல். கல்பாசி மணமும் மிளகுக் காரமும் சரியான இடத்தில் நின்றன. ஹோட்டல் சாப்பாடு என்று காரத்தைக் குறைத்துத் தொலைப்பார்களோ என்ற என் பயம் வீணாகிவிட்டது. கோழியைவிட எனக்குக் குழம்புதான் பிடித்தது, இடியாப்பத்தோடு. வெள்ளைப் பணியாரத்தை உன் தங்கச்சி பிட்டு உள்ளே பார்த்தாள், பஞ்சாக இருந்தது. "நல்லா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இன்னொருவர் சமையலுக்கு அது வந்தால் பத்மஸ்ரீ மாதிரி. பிரியாணி கேட்கவே இல்லை நான். சீரகச் சம்பாவும் கத்திரிக்காய்த் தொக்கும் இல்லாமல் உங்கள் ஆம்பூர்க்காரன் கண்ணில் எப்படி விழிப்பது?

காலை டிபன் வராண்டா என்ற இன்னொரு கூடத்தில். ரொட்டி, கேக், பழம் என்று நீளத்துக்கு வைத்திருந்தார்கள். நாங்கள் இட்லி, வடகறி என்று பழகின பாதையிலேயே போய்விட்டோம்.

மறுநாள் மாப்பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவுக்குக் கூட்டிப்போனார். 2012இல் திறந்தது, 600 அறை. தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக் கட்டியது என்கிறார்கள். பளிங்குத் தரை, வரிசை வரிசையாகத் தூண், அரண்மனைப் படிக்கட்டு. பிரமாண்டம் என்றால் பிரமாண்டம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் படுத்துத் தூங்கி வளர்ந்தவன் நான். கோட்டைக்குள் விளையாடிவிட்டு வெயிலுக்கு அங்கேதானே ஒதுங்குவோம்? அந்தத் தூண்களில் முன்னங்கால் தூக்கிய யாளியும் குதிரையும் ஏறி நிற்கிற வீரனும் இருக்கிறார்களே, அந்த மண்டபத்தையே பெயர்த்துக் கப்பலில் லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரன் ஆசைப்பட்டான் என்று தாத்தா கதை சொல்வார். ஆகவே சோழாவின் தூண்கள் என்னை அசைக்கவில்லை. அந்த ஹோட்டலின் மின்சாரம் பெரும்பாலும் காற்றாலையிலிருந்து வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அங்கே பெஷாவரி என்று ஒரு உணவகம். கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு பெரிய துணி கொடுக்கிறார்கள், கையால்தான் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். கறுப்பு உளுந்துப் பருப்பை ராத்திரி முழுக்க தந்தூர் அடுப்புத் தணலில் விட்டுக் கொதிக்க வைப்பார்களாம், அப்படி ஒரு வழுவழுப்பு. கையால் சாப்பிட இவ்வளவு காசா என்று உன் தங்கச்சி என் காதில் கேட்டாள். ஆனால் பருப்பை இரண்டாம் தடவை வாங்கினாள்.

இப்போது உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. மேற்குப் பக்கம் மூடின அந்த நாலு அறையை இடித்துத் தாழ்வாரத்தைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன். அறைதான் காலியாகக் கிடக்கிறதே, இதைவிட நல்ல சமயம் வராது. மகன் தலையில் அடித்துக்கொள்கிறான். நாலு அறை வாடகை போகுமே என்கிறான். எட்டு ஏசி பில்லில் பாதி மிஞ்சும் என்று எழுதிக் காட்டியிருக்கிறேன், இன்னும் சமாதானம் ஆகவில்லை. தாழ்வாரத்தின் ஒரு மூலையில் பொதுச் சமையலறையைப் பெரிதாக்குகிறேன். மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்குத் தங்கள் ஊர் மீன் குழம்பைத் தாங்களே வைத்துக்கொள்வதுதான் பெரிய வசதி. அதைக் கன்னிமாராவிலும் கொடுக்க முடியாது.

தாழ்வாரத்துக்கு நாற்காலி வேண்டும். கன்னிமாரா லாபியில் ஒரு தோல் நாற்காலி பார்த்தேன், விளிம்பைத் தடவிப் பார்த்தேன். நீ இருந்தால் எந்த ஊர்த் தோல், என்ன ஃபினிஷ் என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பாய். எருமைத் தோலா, மாட்டுத் தோலா, எது வெயிலில் வெடிக்காது, டெட்டால் போட்டுத் துடைத்தால் எது தாங்கும் என்று எழுது. ஏற்றுமதியில் கழித்துப்போட்ட சரக்கு இருந்தால் அதுவே போதும், நிறம் எதுவானாலும் சரி. விலையைச் சொல், நண்பன் என்று குறைக்காதே, ஏற்றவும் ஏற்றாதே.

கொத்தனார் தை பிறந்து வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் நீ ஒரு தடவை நேரில் வந்து அளவு பார்த்துவிட்டுப் போனால் நல்லது. வரும்போது ஃபரீதாவையும் கூட்டிவா, உன் தங்கச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மேற்குப் பக்க அறை தர மாட்டேன், பயப்படாதே.

அன்புடன்,
சேகர்