"டெஸ்ட் எல்லாம் முடிஞ்சது" என்றால் எந்த டெஸ்ட்?

காரைக்குடி
மாசி 5

அன்புள்ள லெட்சுமணா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. ஆச்சி பேத்தியைப் பார்க்கப் பினாங்கு போயிருப்பது எனக்குப் புதுச் செய்தி, திரும்பி வந்ததும் பேசச் சொல். இங்கே ஊரில் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் இன்னொரு வீட்டைப் பிரிக்கிறார்கள். பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிக்கவே வருஷக்கணக்காகிவிட்டது, ஆனால் தேக்குத் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள்கூட ஆகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூரில் உங்கள் நகைக்கடன் கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர் வாங்குகிறாய், விற்பவர் "டெஸ்டிங் எல்லாம் முடிஞ்சது சார், மதுரையில ஒரு பார்ட்டிகிட்ட மூணு வருஷமா ஓடுது" என்கிறார், பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது கொடுக்காதே. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் இத்தனை வருஷமாக சாஃப்ட்வேரைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், "டெஸ்ட் முடிஞ்சது" என்பது பதிலே இல்லை. எந்த டெஸ்ட், யார் செய்தார்கள், எந்தத் தரவை வைத்துச் செய்தார்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

டெஸ்டிங்கில் படிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது யூனிட் டெஸ்ட். புரோகிராமர், தான் எழுதிய ஒரு சின்னத் துண்டை மட்டும் தனியாக எடுத்துச் சோதிப்பது. உன் விஷயத்தில் வட்டி போடும் துண்டை எடுத்துக்கொள். இரண்டரை லட்சத்துக்கு வருஷம் 12 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி எவ்வளவு? வருஷத்துக்கு 365 நாள் என்று போட்டால் 82 ரூபாய் 19 காசு. 360 நாள் என்று போட்டால் 83 ரூபாய் 33 காசு. புரோகிராமர் 360 என்று நினைத்து எழுதி, 360 என்று நினைத்தே டெஸ்டும் எழுதியிருந்தால் அது பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும். நீ வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் தாளில் என்ன இருக்கிறது என்று அந்த டெஸ்டுக்குத் தெரியாது. காலையில் வைத்த நகையைச் சாயங்காலமே மீட்டால் ஒரு நாள் வட்டியா, இல்லையா? ஜனவரி 31-ல் வைத்தவருக்கு ஒரு மாதம் என்றைக்கு முடியும்? இதையெல்லாம் அவர் உன்னிடம் கேட்டாரா என்று யோசித்துப் பார். கேட்கவில்லை என்றால் அவரே ஏதோ ஒன்றை முடிவு செய்திருக்கிறார்.

பிழைகள் பெரும்பாலும் எல்லைக்கோட்டில்தான் உட்கார்ந்திருக்கும், அதனால் எங்கள் ஆட்கள் எண் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒன்று கீழே, சரியாக அதே எண், ஒன்று மேலே என்று மூன்றையும் போட்டுப் பார்ப்பார்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த நகைக்கடன் விதி உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வரவேண்டியது. சொந்தச் செலவுக்கு வாங்கும் கடன் என்றால் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. இப்போது 2,50,000 ரூபாய்க்கு ஒரு தடவையும் 2,50,001 ரூபாய்க்கு ஒரு தடவையும் போட்டுப் பார். முதலாவதற்குச் சுமார் 2,94,000 ரூபாய் நகை போதும், இரண்டாவதற்கு 3,12,500-க்கு மேல் வேண்டும். ஒரு ரூபாய் கூடக் கேட்டதற்குப் பதினெட்டாயிரம் ரூபாய் நகை கூடுதல்! "இரண்டரை லட்சம் வரை" என்று எழுதவேண்டிய இடத்தில் "இரண்டரை லட்சத்துக்குக் கீழே" என்று புரோகிராமர் எழுதிவிட்டால், சரியாக இரண்டரை லட்சம் கேட்டு வருகிறவரை உன் மேனேஜர் நகை போதாது என்று திருப்பி அனுப்புவார். அவர் நேரே எதிர்க்கடைக்குப் போவார். இந்த மாதிரிக் கோளாறு ஒரு நாளும் புகாராக வராது.

அடுத்த படி இன்டக்ரேஷன் டெஸ்ட். தனித்தனியாகச் சரியாக இருக்கும் துண்டுகளைக் கோத்துப் பார்ப்பது. ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றும் பளபளவென்று இருக்கலாம், பதித்த பிறகு தண்ணீர் முற்றத்துக்கு ஓடுகிறதா, அறைக்குள் ஓடுகிறதா என்பது வேறு கதை, அதுபோலத்தான். 1998-ல் செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999-ல் இந்தப் படியில்தான் தொலைந்தது. ஒரு தரப்பின் மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டு கணக்கில் கொடுத்தது, இன்னொரு தரப்பு நியூட்டன் கணக்கு என்று நினைத்து வாங்கிக்கொண்டது. உன் கடையில் தராசு கிராமில் அனுப்பி, மதிப்பீட்டுத் திரை அதைப் பவுன் என்று எடுத்துக்கொண்டால் எட்டு மடங்கு தப்பு. அது கண்ணுக்குத் தெரிகிற தப்பு, முதல் நாளே பிடித்துவிடுவாய். எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாததில்தான்.

பெயரை எடுத்துக்கொள். நம் பக்கத்தில் பேரனுக்கு ஐயா பெயரை வைத்து வைத்து, ஒரே ஊரில் எத்தனை அண்ணாமலை, எத்தனை மெய்யப்பன்! பெயருக்கு முன்னால் இருக்கும் விலாசத்தை, அதாவது தலைப்பெழுத்துகளை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கவேண்டும், அதுவோ மு.அ.ரு.சித. என்று நீண்டுகொண்டே போகும். அவர்களின் டெமோவில் வாடிக்கையாளர் பெயர் என்னவாக இருந்தது? "டெஸ்ட் 1" அல்லது "ராஜ்" என்று இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். உன் பெயரையே தமிழில் அடித்துப் பார்க்கச் சொல். லெட்சுமணன் என்பது நமக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி என்பதால் அது பத்து ஆகிவிடும், அதை யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக முப்பது பைட். டேட்டாபேஸில் பெயருக்கு இருபது பைட் என்று இடம் ஒதுக்கியிருந்தால் "லெட்சு" வரைக்கும்தான் உள்ளே போகும். திரையில் நீ அடிக்கும்போது முழுப்பெயர் தெரியும், சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தால்தான் லெட்சு நிற்கும். திரையைத் தனியாகச் சோதித்தவருக்கும் இது தெரியாது, டேட்டாபேஸைத் தனியாகச் சோதித்தவருக்கும் தெரியாது.

இது ஏதோ அழகு பார்க்கிற விஷயம் என்று நினைக்காதே. அந்த 85, 80, 75 என்பது ஒரு ரசீதுக்கு அல்ல, ஒரு ஆளுக்கு மொத்தமாக எவ்வளவு கடன் என்று பார்த்துப் போடுவது. அவிநாசிக் கிளையில் ஒன்றரை லட்சம் வாங்கினவர் பல்லடம் கிளையில் இன்னொரு ஒன்றரை லட்சம் கேட்டால் மொத்தம் மூன்று லட்சம், ஆகவே விகிதம் 80. இரண்டு கிளையும் ஒரே ஆள் என்று அடையாளம் கண்டால்தானே கூட்டும்? ஒரு இடத்தில் லெட்சுமணன், இன்னொரு இடத்தில் லெட்சு என்று இருந்தால், அல்லது இரண்டு அண்ணாமலையை ஒரே அண்ணாமலையாகச் சேர்த்துவிட்டால், தணிக்கைக்கு வருகிறவரிடம் நீதான் பதில் சொல்லவேண்டும், சாஃப்ட்வேர்க்காரர் அல்ல.

எஸ்எம்எஸ் பற்றியும் கேள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70 குறிதான், தாண்டினால் இரண்டு மூன்று செய்தியாகப் பிரிந்து அத்தனைக்கும் காசு. வட்டி நினைவூட்டல் மாதா மாதம் எல்லாருக்கும் போகும், கூட்டிப் பார்த்துக்கொள்.

அப்புறம் சிஸ்டம் டெஸ்ட், எல்லாவற்றையும் சேர்த்து நிஜமான கடை மாதிரி ஒன்றை அமைத்து ஓட்டிப் பார்ப்பது. மதுரையில் மூன்று வருஷமாக ஓடுவதை அவர் இதற்குச் சான்றாகத்தான் காட்டுகிறார். மதுரைக்கு அது சான்றுதான். 1996 ஜூன் 4-ல் முதல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வெடித்துச் சிதறியது. ஏரியன் 4-ல் ஒழுங்காக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட அதிகம், அதனால் வந்த பெரிய எண்ணை 32,767-க்கு மேல் பிடிக்காத இடத்தில் அடைக்கப் போய் வழிகாட்டும் கணினி நின்றுவிட்டது. புது ராக்கெட் போகும் பாதையை வைத்து அந்தப் பகுதியை ஒரு தடவை சோதித்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும். மதுரைக்காரருக்கு எத்தனை கிளை, ஒரு நாளைக்கு எத்தனை ரசீது, அவர் தமிழில் ரசீது போடுகிறாரா, ஆங்கிலத்திலா? இந்த நான்கைந்து கேள்வியைக் கேட்டாலே அவர் கடையும் உன் கடையும் ஒன்றா என்று தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது படிகள், அதாவது எவ்வளவு பெரிய துண்டைச் சோதிக்கிறோம் என்பது. வகைகள் என்பது எதைத் தேடுகிறோம் என்பது, எந்தப் படியிலும் வரும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் நகையோடு வந்து நின்றால் தாங்குமா என்பது லோட் டெஸ்ட். ஒரு ரசீதை யார் அழிக்கலாம், அழித்தால் தடம் இருக்குமா, வாடிக்கையாளரின் ஆதார் எண்ணை யார் யார் பார்க்கலாம் என்பது செக்யூரிட்டி. கல்லாவில் உட்காரும் முத்தையா அண்ணன் கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியுமா என்பது யூசபிலிட்டி. நிறுவியதும் திறக்கிறதா, ஒரு ரசீது வருகிறதா என்று மேலோட்டமாகப் பார்ப்பது ஸ்மோக் டெஸ்ட். உன்னிடம் டெமோ என்று காட்டியது இதுதான், இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இவற்றில் நான் பிடிவாதமாக நிற்பது ரிக்ரெஷன் டெஸ்டில். ஒன்றைத் திருத்தினால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது கெட்டுப் போகவில்லையா என்று பழைய டெஸ்ட் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுவது. சலிப்பான வேலை, அதனால்தான் முதலில் கைவிடுவதும் இதைத்தான். பெரிய கம்பெனிகளில் இதைத் தானாக ஓடும்படி எழுதி வைத்து ராத்திரியில் ஓட்டிவிடுவார்கள். சின்னக் கம்பெனியில் ஒரு பையன் கையால் அடிப்பான், வேலை நெருக்கினால் அதுவும் கிடையாது. உன் ஆளிடம் இப்படிக் கேள்: ஏப்ரல் விதிக்காகக் கடன் விகிதத்தை மாற்றினீர்களே, அதற்கப்புறம் வட்டி, பகுதி கட்டுதல், ஏல நோட்டீஸ் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தீர்களா? அவர் "அதைத் தொடவே இல்லையே சார்" என்பார். அப்படிச் சொன்னால் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கடைசிப் படிதான் அக்செப்டன்ஸ் டெஸ்ட். இதை அவர் செய்யவே முடியாது, நீதான் செய்யவேண்டும். மற்றவை எல்லாம் அவர்கள் எழுதி வைத்துக்கொண்டபடி சரியாகச் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பவை, இது உன் கடைக்கு வேண்டியதைத்தான் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது. நான் சொல்வது இப்படி: ஒரு கிளையை மட்டும் எடு. ஒரு முழு மாதம் பழைய முறையிலும் புது சாஃப்ட்வேரிலும் இரண்டிலும் எழுதச் சொல். முத்தையா அண்ணன் முணுமுணுப்பார், இரட்டை வேலைதான், அந்த மாதத்துக்கு ஏதாவது சேர்த்துக் கொடு. தினமும் சாயங்காலம் ரொக்கம் இரண்டிலும் ஒன்றா என்று பார்க்கட்டும், மாதக் கடைசியில் இரண்டுக்கும் ஐந்தொகை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துக் காசு வித்தியாசம் வந்தாலும் ஏன் என்று தெரியாமல் விடாதே, அந்தப் பத்துக் காசு பெரும்பாலும் ரவுண்ட் செய்யும் விதத்தில் இருக்கும், அதே பிழை ஆயிரம் ரசீதில் இருக்கும். அண்ணனிடம் இன்னொன்றும் சொல், ஒழுங்காக மட்டும் அடிக்கவேண்டாம், வேண்டுமென்றே தப்பாகவும் அடிக்கட்டும். எடையைப் பூஜ்யம் என்று போடட்டும், மீட்ட நகையை மறுபடி மீட்கப் பார்க்கட்டும், ரசீது அச்சாகும்போது பிளக்கைப் பிடுங்கட்டும். நாற்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு ஆட்கள் எப்படியெல்லாம் குழப்புவார்கள் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள். பாக்கிப் பணத்தில் பாதி அந்த மாதம் முடிந்து ஐந்தொகை ஒத்த பிறகு, மீதி அடுத்த மூன்று மாதம் கழித்து என்று நான் போடுவேன். மனிதர் நல்லவர் என்றால் ஒத்துக்கொள்வார், கொஞ்சம் இழுத்தாலும் இறங்கி வருவார். கையெழுத்துப் போடும் முன்பு அந்தத் தாளை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பு, ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

முத்துமாரியம்மன் கோயில் மாசிப் பங்குனித் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது டெமோ காப்பியை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு வா, பால்குடத்துக்கு அடுத்த நாள் உட்கார்ந்து அந்த எல்லைக்கோட்டு எண்களை எல்லாம் நாமே போட்டுப் பார்த்துவிடலாம். சீப்புச் சீடையும் மணகோலமும் வீட்டில் சுடச் சொல்லிவிடுகிறேன்.

அப்பச்சிக்கு என் வணக்கம். கண்ணில் மருந்து விடும்வரை டிவி பார்க்கவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்.

அன்புடன்,
சொக்கலிங்கம்