கம்ப்ரசரைக் கழற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள அம்மிணி,

போட்டோ பார்த்தேன். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் நிற்கிற உன் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 பின்பக்கம் இடதுபுறம் நன்றாகவே இறங்கி நிற்கிறது. ஸ்கேனரில் வந்த பிழைக் கோடு (code) சி1ஏ20 என்கிறாய். காற்றுத் தொட்டியில் அழுத்தம் ஏற வேண்டிய வேகத்தில் ஏறவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். அந்தத் தொட்டிக்குக் காற்றை அடைக்கிற கம்ப்ரசர் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. மறையூர் மெக்கானிக் சொல்கிறபடி உடனே புதுசு வாங்கி மாட்டினால், எங்கேயோ கசிகிற காற்றுக்காக அதுவும் ஓயாமல் ஓடித் தேயும். ஆகவே முதலில் கசிவைப் பார், கண்ணு.

சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடு. மைனஸ் இருந்தால் நிறுத்தின வண்டியும் நடுவில் விழித்து உயரத்தைச் சரிசெய்யும், அளவு ஏமாற்றிவிடும். காலையில் ஒரே மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த மூலையைத் தாங்குகிற, காற்றடைத்த ரப்பர் பையுள்ள ஏர் ஸ்ட்ரட், அல்லது அதற்குப் போகிற குழாயின் மூட்டு. முன்னால் இரண்டும் சேர்ந்தோ பின்னால் இரண்டும் சேர்ந்தோ இறங்கினால் அந்தப் பக்கத்து இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் காற்றைத் திறந்து மூடுகிற வால்வு பிளாக்கைச் சந்தேகப்படு. பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரை பிரஷ்ஷில் தொட்டு மூட்டுகளில் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரட்டின் ரப்பரில் மடிப்பு விழுகிற இடத்தை வண்டி உயரமாக நிற்கும்போது பார்க்க வேண்டும். தாழ்ந்து நின்றால் வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்துவிடும்.

கசிவு எதுவும் இல்லையென்றால்தான் கம்ப்ரசர். இடதுபக்கம், பின்சக்கரத்துக்கு முன்னால், சேசிஸ் ஓரமாகப் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. அடியில் போவதற்கு முன் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதே. காற்று போனால் வண்டி அப்படியே உட்காரும், உன் மேலே. டயரில் இருப்பது 3 பார் அளவு, இந்தத் தொட்டியில் 15 பாருக்கு மேல் நிற்கும். அதனால் குழாய் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, சீறல் முழுக்க அடங்கின பிறகுதான் மிச்சத்தைக் கழற்ற வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வை.

கழற்றினதும் மேஜையில் வைத்து, தடித்த ஒயரில் ஃப்யூஸ் போட்டு 12 வோல்ட் கொடுத்துப் பார். மோட்டார் சுறுசுறுப்பாகச் சுற்றியும் காற்று வெளிவரும் வாயைக் கட்டைவிரலால் சுலபமாக அடைக்க முடிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. மோட்டாரே திக்கித் திணறினால் கார்பன் பிரஷ்ஷையும் அது உரசுகிற செம்பையும் பார். மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர் கருகி வாசம் வந்தால் செலவு பண்ணாதே, முழு கம்ப்ரசர்தான். அப்போதும் ஒன்று: இப்போது உன் வண்டியில் இருப்பது ஹிட்டாச்சி கம்பெனி கம்ப்ரசர். பதிலுக்குக் கிடைப்பது ஏ.எம்.கே. வகையாக இருந்தால் வண்டியின் சாஃப்ட்வேரையும் மாற்ற வேண்டும். அதைச் செய்து தர ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கு.

உன் விஷயத்தில் ரிங் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஹெட்டைக் கழற்றி சிலிண்டர் சுவரில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டு. நகம் எங்காவது தட்டினால் ரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, உள் ஸ்லீவையும் மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்த கிட் தான் அனுப்புகிறேன். ரிங் டெஃப்லான். அதை அகட்டி இழுக்காதே, விரலால் சுற்றிச் சுற்றி மெதுவாக உள்ளே விடு. வழவழவென்று இறங்கட்டும் என்று எண்ணெயோ கிரீஸோ சிலிண்டரில் தடவிவிடாதே. எண்ணெய் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்த கம்ப்ரசர் இது. எண்ணெய்ப் புகை, காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற டிரையருக்குள் போனால் அதிலுள்ள மணிகள் பாழ், வால்வுகளும் பிசுக்கேறும். ஓ-ரிங்குகளுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ், அதுவும் மினுமினுப்புத் தெரிகிற அளவு. ஹெட் ஸ்க்ரூக்களை எதிரெதிராக முறுக்கு.

டிரையரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பாதி வேலை. மறையூர் மழை மறைவுப் பகுதிதான் என்றாலும் நீ தினமும் மூணாறு ஏறுகிறாய். ஜூன் தொடங்கினால் அங்கே கம்ப்ரசர் இழுப்பது முழுக்க ஈரக்காற்று. டிரையர் மணிகள் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். வண்டி தாழும்போது வெளியேறுகிற உலர்ந்த காற்று அதே மணிகள் வழியாகப் போய் ஈரத்தைத் திரும்ப எடுத்துப் போகும். கசிவு இருக்கிற வண்டியில் உள்ளே போவது அதிகம், இந்த வழியாக வெளியே வருவது குறைவு. மணிகள் ஊறி உடைந்து மாவாகும். குழாயில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அதுதான். அந்தத் தூள் வால்வு பிளாக்குக்குள் போனால் வால்வு மூடாமல் நிற்கும், வெளியேற்றும் வாயில் சேர்ந்தால் வண்டி தாழவே நேரமெடுக்கும். மெதுவாக ஏறினால் ரிங் அல்லது கசிவு, மெதுவாக இறங்கினால் இந்த அடைப்பு என்று வைத்துக்கொள்.

பழைய மணிகளைக் கொட்டி ஒரு டம்ளரில் அளந்துகொள், அதே அளவு புதுசு போடு. டிரையர் சிலிண்டரைத் தட்டித் தட்டி நிரப்பு. இடைவெளி விட்டால் மணிகள் ஒன்றோடொன்று உரசி மறுபடி மாவாகும். இரண்டு முனையிலும் இருக்கிற ஃபெல்ட் வட்டங்களையும் மாற்று. காற்று இழுக்கிற குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் அதன் முனையில் ஒரு சின்ன ஃபில்டர் கிடைக்கும், அதையும் சேர்த்து மாற்றிவிடு.

கம்ப்ரசருக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற ரிலேயைப் பழையதே இருக்கட்டும் என்று விடாதே. உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, நீ போட்ட புது ரிங்கும் சூட்டில் போய்விடும். சின்னாறு ரோட்டில் யானை நிற்கிற வளைவில் வண்டி உட்கார்ந்தால் இறங்கிப் பார்க்கவும் முடியாது.

திரும்ப மாட்டும்போது குழாய் முனை நசுங்கியிருந்தால் பிளேடால் நேர்க்குறுக்காக வெட்டிவிட்டுச் செருகு. கோணலாக வெட்டினால் அங்கேயே கசியும். பிறகு ஸ்கேனரில் பழைய பிழைக் கோடை அழித்து, கதவுகளை மூடி, எஞ்சினை ஓடவிடு. தொட்டி காலியாக இருப்பதால் முதல் தடவை நேரம் பிடிக்கும். நடுவில் கம்ப்ரசர் சூடாகித் தானே நின்றால் பயப்படாதே, ஆறட்டும், மறுபடி ஓடும். நீ கழற்றின மூட்டுகளில் மட்டும் சோப்பு நீர் தடவிப் பார்த்துவிட்டு மூடியைப் போடு. மறுநாள் காலையில் அதே டேப்பால் அளந்து எனக்குச் சொல்.

கிட், ஃபில்டர், ரிலே, மணி பாக்கெட் எல்லாம் உடுமலையிலிருந்து மறையூர் பஸ்ஸில் பார்சலாக வரும். மணி பாக்கெட்டை முன்கூட்டிப் பிரித்து வைக்காதே. டிரையரைத் துடைத்துக் காயவைத்து, நிரப்பத் தயாரான பிறகு பிரி. அங்கத்திக் காற்றில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலே பாதி ஈரத்தைக் குடித்துவிடும்.

அப்பா